காலியாக விட்ட வரிசை

டேப் அக்கா என்றால்தான் கிடங்குக்காரர்களுக்குத் தெரியும். இடுப்பில் எப்போதும் அளக்கிற டேப் தொங்கும். அதனால் வந்த பெயர். எந்தச் சரக்கை எந்த அலமாரியில், எந்த உயரத்தில் வைத்தால் ஆட்களுக்கு நடை குறையும், பொருள் சீக்கிரம் கைக்கு வரும் என்று பார்த்து மாற்றிக் கொடுப்பது அவள் தொழில். பதினேழு வருஷம் ஒரு கம்பெனிக்கு அதைச் செய்தாள். அங்கே மேலாளர் நாற்காலி காலியானதும், அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவனைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டு வருஷமாகத் தனி ஆலோசகர். ஏழு கிடங்குகளை மாற்றிக் கொடுத்தாள். ஏழு பேருக்கும் பரம திருப்தி. எட்டாவது கிடங்கைத்தான் காணோம். இந்த நிலைமை எப்படியோ காதில் விழுந்து, பழைய கம்பெனியின் அந்த மேலாளர் போன் செய்தான். எனக்குக் கீழே ஓர் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றான்.

வெள்ளிக்கிழமை காலை செருப்பை மாட்டும்போது, உடன்பிறந்த அக்கா பிடித்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்து கேளேன்டி. என்னப் பத்தி நாலு பேருகிட்ட சொல்லுங்கன்னு கேட்டா உன் கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

"நல்லா செஞ்சா அவங்களே சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

"இரு, இரு. ஏழு பேரும் உனக்கு ஊர்வலம் நடத்தப் போறாங்க."

வேறு வழியில்லாமல் குழாய்ச் சாமான் மொத்த வியாபாரியிடம் போனாள். ஏழு பேரில் அதிகமாகப் புகழ்ந்தவர் அவர்தான். மாடியில் கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் கிடங்கு முழுக்கத் தெரியும். முன்பெல்லாம் ஒரு வளைகுழாயைத் தேட மூன்று பேர் ஏணியோடு அலைந்த இடம். இப்போது ஒரு பெண் சீட்டைப் பார்த்துக்கொண்டே போய், நின்று, எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"வாங்கம்மா. நீங்க கை வச்சதுலேர்ந்து வேலை பாதியாயிடுச்சு," என்று வியாபாரி டீ வரவழைத்தார்.

கேட்டாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் கேட்டாள்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் வேறு பக்கம் போனது. "வேற என்ன உதவின்னாலும் கேளுங்கம்மா. இது கொஞ்சம் கஷ்டம். வியாபாரிகள் சங்கத்துல, இந்த ஏற்பாடு நானே யோசிச்சதுன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்போ ரெண்டு பேரு பாக்க வர்றாங்க. நீங்க டீயக் குடிங்க, நான் வந்துடறேன்."

அவர் இறங்கிப் போய்விட்டார். அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. நாற்பது நாள் அந்த ஏணியில் ஏறி இறங்கியவள் அவள். முழங்கால் வீங்கியது அவளுக்கு. யோசனை வந்தது இவருக்கா? டீயைத் தொடாமல் படியிறங்கினாள். போய்விடத்தான் நினைத்தாள்.

கீழே வந்தவர்களில் ஒருவர் பெயிண்ட் மொத்த வியாபாரி, கனத்த மனிதர். "வாசலை ஒட்டி ஒரு வரிசையே காலியா இருக்கே, எதுக்கு?" என்று கேட்டார்.

"அதுவா? சரக்கு கூடினா அடுக்கிக்கலாம்னு விட்டிருக்கேன்," என்றார் குழாய்க்காரர், கொஞ்சமும் கூசாமல்.

வாசலை நோக்கிப் போன அவள் கால் நின்றது. திருடினதுதான் திருடினார், சரியாகவாவது திருடக்கூடாதா?

"அதுல ஒரு பெட்டிகூட வைக்கக் கூடாது," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. "வர்ற லாரிச் சரக்கு முதல்ல அங்கதான் இறங்கணும். எண்ணிப் பாத்த பிறகுதான் உள்ள போகணும். அத அடைச்சீங்கன்னா ஒரே வாரத்துல பழைய குப்பைமேடுதான். இத மாத்திக் குடுத்தது நான். ஐயா மறந்துட்டாரு."

குழாய்க்காரர் ஒரு மாதிரி சிரித்தார். "ஆமாமா, இந்தம்மாவும் ஒத்தாசைக்கு இருந்தாங்க."

"ஒத்தாசைன்னா, பெரிய வால்வு ஏன் இடுப்பு உயரத்துல இருக்குன்னு நீங்களே சொல்லுங்க ஐயா."

அவர் மேற்கூரையைப் பார்த்தார். சீட்டோடு நடந்துகொண்டிருந்த பெண், "குனியாம தூக்கத்தான். டேப் அக்காதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

பெயிண்ட்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "செவ்வாக்கிழமை நம்ம இடத்துக்கு வாங்க. சும்மா பாக்கத்தான். சரிப்பட்டாத்தான் வேலை."

"சரிங்க. ஆனா சரிப்பட்டுச்சுன்னா, செஞ்சது நான்னு நீங்க நாலு பேருகிட்ட சொல்லணும். இப்பவே சொல்லிடறேன்."

அவர் உரக்கச் சிரித்தார். குழாய்க்காரர் சிரிக்கவில்லை. இனி இந்தப் படி ஏறினால் அவளுக்கு டீ கிடைக்காது.

தெருவுக்கு வந்தாள். நிச்சயமான வேலை என்று ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சூடு ஆறுவதற்குள் மேலாளருக்குப் போன் போட்டாள்.

"உன் கீழ வர்றதா இல்லப்பா."

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"யோசிச்சாச்சு. உனக்கு வேலை கத்துக் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"அத வெளிய எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்க?"

"அது வந்து மேடம்..." என்று இழுத்தான்.

"யாராவது கிடங்கு மாத்தணும்னு கேட்டா, இனிமே என் நம்பரக் குடு. கேக்குதா?"

"கேக்குது மேடம்," என்றான் அவன், மிக மெதுவாக.