நான் வைக்காத வெல்டிங்

எனக்குப் பேய், பிசாசு, ஆவி, செய்வினை எதிலும் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. இருபத்தாறு வருடமாக ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கிறேன், ஒரு சாமான் உடைந்தால் ஏன் உடைந்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. அதன் கியர்பாக்ஸ் போய்விட்டது, அதனால் வேறொரு வண்டியின் ஐந்து கியர் பாக்ஸை வாங்கி மாட்டினேன். இது கொஞ்சம் நீளம், அடியில் கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடிக்கிற பழைய கிராஸ்மெம்பர், அதாவது அந்தக் குறுக்குச் சட்டம், இதற்குச் சேரவில்லை. இந்த அளவுக்குக் கடையில் கிடைக்காது, நாமேதான் செய்ய வேண்டும். எனக்கு அது ஒரு வேலையே இல்லை. அட்டையில் அளவு வெட்டி, பாக்ஸ் பைப்பையும் தகட்டையும் அறுத்து, வீட்டு வாசலிலேயே செய்ய ஆரம்பித்தேன்.

அவசரத்துக்குக் காரணம் என் மகள் ஷீலா. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள், அவர்கள் இந்துக்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் எந்த மனத்தாங்கலும் இல்லை. வளைகாப்பு முடிந்து ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவத்துக்கு நாங்கள் போய் அழைத்து வர வேண்டும். சம்பந்தி அம்மாள் என் காரைப் பற்றிக் கேள்விப்பட்டு, "அந்த ஓட்டை வண்டியிலயா புள்ளத்தாச்சிய கூட்டிட்டுப் போகப் போறிய? பேசாம டாக்ஸி சொல்லிருங்க சம்பந்தி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அழைத்துப் போனால் இந்த வண்டியில்தான் என்று நானும் ரோஷமாகச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சட்டத்தின் நான்கு மூலையிலும் பொட்டுப் பொட்டாக டேக், அதாவது தற்காலிகப் பிடிப்பு மட்டும் வைத்து, வண்டியில் மாட்டிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இனி கழற்றி, முழு வெல்டிங் வைத்துத் திரும்ப மாட்ட வேண்டும், அதை வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் கிடையாது. சும்மா இருக்க என்னால் முடியாது, வண்டிக்கு அடியில் படுத்து எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயின்ட் அடித்தேன். கை போன போக்கில் அந்தச் சட்டத்துக்கும் போல்ட் தலைகளுக்கும் சேர்த்து அடித்துவிட்டேன். வெல்டிங் வைக்கும்போது சுரண்டிக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம்.

சாயங்காலம் சம்பந்தி அம்மாள் போன் செய்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுப் பொண்ண அனுப்ப மாட்டோம் சம்பந்தி, நாளைக்கே வந்துருங்க" என்றார். எங்கள் தெருவிலும் அப்படித்தான், வெள்ளிக்கிழமை யாரும் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள், இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நானும் என் மனைவி ஜெயராணியும் அடித்துப் பிடித்துக்கொண்டு பூ, பழம், இனிப்பு வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினோம். கரண்ட் வந்தபோது நாங்கள் பழக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். காலையில் குனிந்து பார்த்தேன், எல்லாம் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. வேலை முடிந்த வண்டி என்றே என் புத்தியில் பதிந்துவிட்டது. கிளம்பிவிட்டோம்.

திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு இருக்கும். பின் சீட்டில் ஷீலாவும் ஜெயராணியும். வன்னியம்பட்டி பக்கம் முன்னால் போன டிராக்டர் திடீரென்று நின்றது, நான் ஒடித்துத் திருப்பியதில் வெள்ளைக்கோடு இல்லாத ஒரு வேகத்தடை மேல் வண்டி ஏறிக் குதித்தது. அடியில் டங்கென்று ஒரு சத்தம். "அப்பா!" என்று ஷீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. நான் வெல்டிங் வைக்கவில்லை. வெறும் பொட்டு. அது விட்டுப்போனால் கியர்பாக்ஸ் கீழே தொங்கும், சுற்றுகிற ஷாஃப்ட் ரோட்டில் குத்தினால் வண்டியைத் தூக்கிப் போட்டுவிடும், பின்னால் என் பிள்ளை நிறைமாதமாக உட்கார்ந்திருக்கிறாள்.

ஓரமாக நிறுத்தி, கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு அடியில் நுழைந்தேன். மூலையில் விரலை வைத்தேன். பொட்டு இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முழு வெல்டிங், ஒரே சீராக, சின்னச் சின்ன அலையாக ஓடியிருந்தது. மற்ற மூலைகளிலும் அப்படியே. சாவியால் சுரண்டினேன், என் பெயின்ட் உரிந்தது, உள்ளே வெள்ளி மாதிரி வெல்டிங். பெயின்டுக்குக் கீழே வெல்டிங்! வெல்டிங் சூட்டில் பெயின்ட் கருகாதா? ஒரு இடத்தில்கூடக் கருகவில்லை. எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தேனோ, ஜெயராணி கதவைத் திறந்து, "என்னங்க, மயக்கமா?" என்று கத்திய பிறகுதான் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வெல்டிங் ராடு பாக்கெட்டை எண்ணினேன். செவ்வாய்க்கிழமை எடுத்தது இரண்டு, மீதி அப்படியே இருந்தது. ஜெயராணியிடம் சொன்னால், "நீங்கதான் வச்சிட்டு மறந்திருப்பிய, வயசாகுதுல்ல" என்கிறாள். எனக்கு ஆள் பெயர் மறக்கும், வெல்டிங் வைத்தது மறக்காது. போதாததற்கு என் வெல்டிங் மிஷின் ஓடினால் பக்கத்து வீட்டு ரங்கம்மாவின் டிவி மினுக்கும், அந்த அம்மாள் சுவரைத் தட்டித் தெலுங்கில் திட்டும். அதனிடமே போய், புதன்கிழமை ராத்திரி சத்தம் கேட்டதா என்று கேட்டேன். "லேதப்பா, அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியா நாடகம் பாத்தேன்" என்றது.

பேரன் பிறந்த பதினைந்தாம் நாள், மனம் கேட்காமல் சட்டத்தைக் கழற்றினேன். போல்ட் தலையில் நான் அடித்த பெயின்ட் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தது, அதற்கு முன் யாரும் ஸ்பானர் போடவே இல்லை. ஆனால் சட்டத்தின் மேல் பக்கத்திலும் வெல்டிங் இருந்தது. மாட்டிய நிலையில் அங்கே விரல்கூட நுழையாது, ராடு எங்கே நுழையும்? மில்லில் என்னோடு வேலை பார்க்கிற வெல்டரிடம் காட்டினேன். "யார்ணே வச்சது? எம்புட்டு சுத்தம்!" என்றான். நான்தான் என்றேன். வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

சட்டத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. சம்பந்தி அம்மாளே இப்போது அந்த வண்டியைத்தான் கேட்கிறார். எனக்குப் பேய் பயம் வரவில்லை, யார் வைத்ததோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். போன வாரம்கூட ஷீலாவையும் பேரனையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் விட்டேன். அன்றைக்கு வண்டியை ஏன் நிறுத்தினேன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஏறி உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். "அப்பா ஓட்டுனாத்தான் எனக்கு பயமில்லாம தூக்கம் வரும்" என்று அவள் மாப்பிள்ளையிடம் சொல்வாளாம். கண்ணாடியில் அந்த இரண்டு முகத்தையும் பார்க்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் என் கை வியர்த்துப் போகிறது.