வார்டுக்கு வந்த பூவாக்கு

அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த பீஸ்களில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை செய்கிறேன். போன ஆவணியில் என் மனைவி சாந்தாமணிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். "படுக்கைப் புண் வந்துட்டா உசுருக்கே ஆபத்துங்க" என்றார் டாக்டர். எனக்கோ அவளைத் திருப்பிப் படுக்கவைக்கக்கூடத் தெரியாது.

எங்கள் முருகன் கோயிலில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் மடித்துச் சாமி முன்னால் வைத்து, பார்க்காமல் ஒன்றை எடுத்துப் பூவாக்குக் கேட்பது வழக்கம். வெள்ளை வந்தால் நல்ல வாக்கு. வாசல் வரை போனேன். சிவப்பு வந்துவிட்டால்? "கேக்கப் பயமா இருக்குது சாமி. நீயே வந்து சொல்லு" என்று அழுதுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலை நந்தினி என்ற நர்சிங் மாணவி வார்டுக்கு வந்தார். நோயாளியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தால் படுக்கைப் புண் குறைகிறதா என்று ஆய்வு செய்கிறாராம். யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பது சீட்டில்தான் முடிவாகுமாம். சம்மதம் கேட்டு, டிபன் டப்பாவை நீட்டினார். உள்ளே மடித்த சீட்டுகள்.

"ஒண்ணு எடுங்கண்ணா."

உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் எடுக்கப் பயந்த பொட்டலம் கட்டிலுக்கே வந்துவிட்டது! எடுத்துக் கொடுத்தேன்.

"உங்களுக்கு நான் சொல்லித் தரோணும்னு வந்திருக்குதுங்க."

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட்டு, முதுகைப் பார்த்து, தாளில் டிக் போடச் சொன்னார். கம்பெனியில் பீஸ் குவிந்தால் ரிப்போர்ட்டில் மொத்தமாக டிக் போட்டுவிடுவது என் பழக்கம். இங்கேயும் அதே கை. மதியம் தாளைப் பார்த்த நந்தினி சிரித்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, சாயங்காலம் ஆறு மணி இன்னும் வரவே இல்லியே. அதுக்குள்ள பாத்துட்டீங்களா?"

கூசிப்போனேன். அவர் சாந்தாமணியைத் திருப்பினார். இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினார். நிறம் மாறவில்லை.

"அழுத்தியும் நெறம் மாறலீன்னா புண்ணு வரப்போகுதுன்னு அர்த்தம். இன்னும் புண் ஆகலீங்கண்ணா. இப்பவே பாத்தது நல்லதாப் போச்சு."

நான் பயந்த அந்தச் சிவப்பை முருகன் கண்ணெதிரே காட்டிவிட்டான். அதை மாற்றும் வழியையும் என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

அப்புறம் பார்க்காமல் ஒரு டிக்கும் போடவில்லை. நான்காம் நாள் சிவப்பு மறைந்தது. சில வாரம் கழித்துச் சாந்தாமணி குழறிக் குழறிச் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "என்னையும்... பனியன் பீசுன்னு... நெனச்சீங்களா?"

வார்டே சிரித்தது. நான் அழுதேன்.

இப்போது தடி ஊன்றி வாசல் வரை நடக்கிறாள். ஆய்வு முடிந்ததும் நந்தினி சீட்டு விழாத மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நானும் கூட நின்று செய்து காட்டினேன். கம்பெனியிலும் பார்க்காத பீசுக்கு டிக் கிடையாது.

கேட்கப் பயமாக இருந்தால் அந்தப் பயத்தையே அவனிடம் சொல்லுங்கள். உங்கள் கட்டிலுக்கும் வருவான்.

இதை எழுதுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டும் கூச்சத்தால் தள்ளிப்போட்டு, கடைசியில் எழுதிய நாள்: தைப்பூசத்துக்கு மறுநாள்.