டிக்கியிலிருந்து இறக்கிய பெட்டி

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய காஞ்சிபுரத்தில் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒரு ஷட்டர் அகலம்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில், பெண்ணுக்குப் பதிலாக நான் தலையைக் குனிந்துகொண்டு காபி குடித்துவிட்டு வந்தேன்.

நான் எழுத வந்தது ஒரு அம்மாவைப் பற்றி. அவர் தென்னேரிக்காரர். கணவர் இறந்த பிறகு, அவர் ஓட்டிய வாடகைக் காரைத் தானே ஓட்ட ஆரம்பித்தவர். கல்யாணப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து வருகிறவர்களை ஏற்றி வருவார். பட்டுக்கடைக்குள் போனவர்கள் லேசில் வெளியே வரமாட்டார்கள். அப்படிக் காத்திருந்த ஒரு நாள்தான் என் கடைக்கு வந்தார்.

"இன்னாபா இது, சவுண்டை ஏத்தினா பாட்டு பட்டுனு செத்துப்போவுது?"

டிக்கியைத் திறந்தேன். ஒரே பெட்டியில் இரண்டு சப்ஊஃபர், தும் தும் என்று அதிர வைக்கும் பெரிய ஸ்பீக்கர்கள். பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர் தொட முடியாத சூட்டில் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்பீக்கரும் இரண்டு ஓம். முன்பு மாட்டியவர் இரண்டையும் பேரலலாக இணைத்திருந்தார். அப்படி இணைத்தால் மொத்தம் ஒரு ஓம்தான் வரும். அந்த ஆம்ப்ளிஃபையரோ நாலு ஓமுக்குக் கீழே தாங்காது. ஓம் குறைந்தால் கரண்ட் அதிகமாகப் போகும். சூடு ஏறி, அதுவே தன்னை நிறுத்திக்கொள்ளும். ஒயரைப் பிரித்து சீரிஸாக மாற்றினேன். கரண்ட் ஒரு ஸ்பீக்கர் வழியாகப் போய், அடுத்ததையும் கடந்துதான் திரும்பும். நாலு ஓம் சரியாக வந்தது. பாட்டு நிற்கவில்லை.

அடுத்த வாரமே திரும்பி வந்தார்.

"சத்தம் கொறஞ்சிடுச்சேபா. முன்ன அடிச்சா நெஞ்சுல எறங்கும். நீயும் பேசமாட்டேன்ற, என் காரையும் பேச வுடமாட்டேன்றியா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பதில் சொல்ல வேண்டுமே என்று ஆரம்பித்தேன். சுவர்க் கடிகாரத்திலிருந்த பேட்டரியைக் கழற்றி, ஸ்பீக்கர் ஒயரில் தொட்டுக் காட்டினேன். இரண்டு ஸ்பீக்கரின் புனல் போன்ற கோன்களும் ஒன்றாக முன்னே வந்தன. எடுத்ததும் ஒன்றாக உள்ளே போயின. ஒன்று மட்டும் ஒயர் மாறியிருந்தால் எதிரெதிராக அசைந்து சத்தத்தையே தின்றுவிடும் என்றேன். அவர் பேட்டரியை வாங்கித் தானும் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா மூச்சு வுடுதேபா!"

அப்புறம் நான் ஓம் பற்றிச் சொன்னேன், பெட்டியின் பலகை பற்றிச் சொன்னேன், எர்த் ஒயர் பற்றிச் சொன்னேன். நடுவில் அவருக்கு போன் வந்தது. "இதோ வந்துக்கினே இருக்கேன்மா" என்று வைத்துவிட்டு, ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கு முன் எந்தப் பெண்ணிடமும் நான் அவ்வளவு பேசியதில்லை.

"இவ்ளோ பேசத் தெரியுதே. வேற எதனா சொல்லணுமா?" என்று கேட்டார்.

சொல்ல இருந்தது. "பேட்டரிகிட்ட முப்பது ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கேன்மா. பெருசா மாத்திடாதீங்க" என்றேன்.

ஸ்டூலை விட்டு எழுந்தார். "சரிபா, மாத்தல."

அதன் பிறகு சவாரி வரும்போதெல்லாம் வந்தார். பெட்டியில் ஒரு பழுதும் இருக்காது. "செக் பண்ணுபா" என்பார். நானும் டிக்கியைத் திறந்து செக் செய்வேன். டீ வரும். அவர் விவசாயக் குடும்பம், நான் காலனிக்காரன். டீ குடிக்கும்போது அது நினைவுக்கு வராது. கார் தெருமுனை திரும்பி, அந்த தும் தும் சத்தம் அடங்கிய பிறகு வரும்.

போன வருஷம் ஆடி மாதம் சவாரி இல்லாமல் தனியாக வந்தார்.

"காரை வித்துட்டேன்பா. ஓசூர்ல அண்ணன் வூட்டோட வந்துடுன்றாரு. வாங்கறவருக்கு இந்தப் பெட்டி வேணாமாம். கழட்டிடு."

கழற்றினேன். இறக்கி வைத்துவிட்டு, "வூட்டுக்கு எடுத்துக்கினு போறீங்களாமா?" என்றேன்.

"அங்க எங்க வெக்கறது? உங்கிட்டயே இருக்கட்டும். நான் வேற கார் வாங்குவேன்ல, அப்ப வந்து மாட்டிக்கறேன். யாருக்கும் குடுத்துடாத."

"ஒயரைப் பிரிச்சுடட்டா?"

"அப்படியே இருக்கட்டும்பா."

காரில் ஏறாமல் நின்றார். நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாபா, இன்னிக்கு ஃபியூஸ் பத்தி ஒண்ணும் சொல்லலயே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான். டிக்கி காலியாக இருந்ததால் கார் சத்தமே இல்லாமல் போனது.

பெட்டி கடையில்தான் இருக்கிறது, மேலே ஒரு பழைய போர்வை போட்டு. காலையில் கடை திறந்ததும் ஒயரில் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டும் அசையும். பிறகுதான் வேலையைத் தொடங்குவேன்.

இன்று மாகறலிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய ஆம்ப்ளிஃபையருக்கும் நாலு ஓம்தான் வேண்டும். போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையே குடுண்ணே, சரியா இருக்கும்" என்றார்.

"விக்கறதுக்கு இல்லபா."

"ஏன், யாருது?"

ஒரு கஸ்டமருடையது என்றுதான் சொல்ல நினைத்தேன். "எங்களுது" என்று வந்துவிட்டது.

"சரிண்ணே" என்று அவர் போய்விட்டார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. நான்தான் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். ஆள் இல்லாத கடையில் அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

அந்த அம்மாவின் நம்பர் என் போனில் இருக்கிறது. ஒரு முறையும் கூப்பிட்டதில்லை. நாளைக்குக் கூப்பிடப் போகிறேன். பெட்டி நன்றாக இருக்கிறது என்று ஆரம்பிப்பேன். வேற எதனா சொல்லணுமா என்று அவர் கேட்டால், மறுபடியும் ஃபியூஸுக்குப் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

புதன்கிழமை, ஐப்பசி 7.