இல்லாத டக்கெட்டைத் தேடி வந்த வேலை

இங்கிலாந்துக் கடலோர ஊரான ஸ்கார்பரோவில் சிரில் ஆர்மராடை யாருக்குத்தான் தெரியாது? யாருக்குமே தெரியாது! அதுதான் சங்கதி. முப்பத்தொரு வருஷமாக ஒரே நாடகக் கொட்டகை, வாரத்துக்கு ஒரு நாடகம். பாதிரி, போலீஸ்காரர், கசாப்புக்காரர், பிணம் என்று அவர் போடாத வேஷமில்லை. ஆனால் மீன் வறுவல் கடை வரிசையில் நின்றால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அவர் மனைவி ஹில்டா, மேடையோரம் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பவள். யார் யாருக்கோ கொடுத்திருக்கிறாள். சிரிலுக்கு மட்டும் ஒரு வார்த்தைகூடக் கொடுக்க நேர்ந்ததில்லை. அப்பேர்ப்பட்டவளே அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டாள்: "இந்தச் சனிக்கிழமையோட சரி. திங்கட்கிழமை எங்கண்ணன் செருப்புக் கடைக்கு வேலைக்குப் போற. வாக்குக் குடுத்திருக்க, கிழவா!"

அந்தச் சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்குத்தானா லண்டன் தொலைக்காட்சியிலிருந்து மிஸ் பென்ஃபோல்ட் வந்து உட்கார வேண்டும்! தொடருக்கு ஆள் தேடுகிறாராம். சிரிலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவருக்கு அன்று இரண்டு வேஷம். முதலில் டாக்டர், கடைசியில் கிழட்டுத் தோட்டக்காரன். ஒரே ஆள் இரண்டு வேஷம் கட்டினால், இல்லாத ஆள் ஒருவனின் பெயரை நோட்டீசில் போட்டுவிடுவது கொட்டகை வழக்கம். ஆள் பஞ்சம் என்று ஜனங்களுக்குத் தெரியலாமா? தோட்டக்காரனுக்கு எதிரே 'ஆல்பர்ட் டக்கெட்' என்று அச்சாகியிருந்தது.

டாக்டராக வந்து கத்தித் தீர்த்தார் பாவம், லண்டன் வரைக்கும் கேட்கட்டும் என்று. தோட்டக்காரனாக வந்தபோது களைப்பில் லண்டனே மறந்துவிட்டது. ரோஜாச்செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா பேசினார். கொட்டகையில் ஒரு இருமல் இல்லை!

திரை விழுந்ததும் மிஸ் பென்ஃபோல்ட் உள்ளே ஓடிவந்தார். சிரில் அப்போதுதான் தாடியைப் பிய்த்து, முகம் கழுவியிருந்தார்.

"டாக்டர் சார், நீங்க வேணாம், தப்பா நெனைக்காதீங்க. அந்த டக்கெட் எங்க? என்ன மனுஷன்யா அவர்! வியாழக்கிழமை லண்டனுக்கு வரச் சொல்லுங்க, வேலை நிச்சயம்."

"அது... நான்தாங்க."

"வெளையாடாதீங்க! அவருக்கு எழுபது வயசு இருக்கும். எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு." கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

போச்சு! கதவுவரை போய்விட்டார். சிரில் சட்டென்று முழங்காலைத் தளர்த்தினார், ஒரு தோளை இறக்கினார். தாடியில்லை, தொப்பியில்லை.

"செடிக்கு அவசரம் கெடையாதும்மா. நமக்குத்தான் அவசரம்."

மிஸ் பென்ஃபோல்டின் கை கதவுப்பிடியிலேயே நின்றது. "அடக் கடவுளே! நீங்களேதானா!" பையைக் கீழே போட்டுவிட்டுப் பேனாவைத் தேடினார். "திரையில போடணும். சொல்லுங்க, உங்க பேரு என்ன?"

சிரில் வாயைத் திறந்தார். சந்தோஷத்தில் ஒரு சொல் வரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை!

ஹில்டா பக்கத்தில் வந்து நின்று, வழக்கமான தாழ்ந்த குரலில் எடுத்துக்கொடுத்தாள்: "சிரில் ஆர்மராட்."