லீக்ஸ் குழிக்கு மண்

இன்று காலை மருமகள் ஈரச்சாக்கில் சுற்றி லீக்ஸ் நாற்றுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பிரித்ததும் அந்த வாசம். வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவே பச்சையாக ஒன்று. சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. எனக்கு அது ஜமீலாவின் கை வாசம்.

ஜமீலா, ஊட்டிக்குப் பக்கத்தில் இந்த எமரால்டு ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரருக்கு ஊட்டி பஜாரில் மளிகைக் கடை. எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு முள்வேலி. வேலி என்று பேர்தான். இங்கிருந்து ரசம் போகும், அங்கிருந்து நாற்று வரும்.

நான் கோயமுத்தூர்ப் பக்கம் வெங்காயக் காட்டில் வளர்ந்தவள். நாற்று நட எனக்கு யார் சொல்லித் தருவது என்ற மிதப்பு இருந்தது. லீக்ஸ் வேறு மாதிரி. வேர் நுனியையும் இலை நுனியையும் கிள்ளிவிட்டு, கம்பால் ஆழமாகக் குழி போட்டு, நாற்றை உள்ளே விட்டுவிட வேண்டும். குழியை மூடக் கூடாது. அப்போதுதான் தண்டு நீளமாக, வெள்ளையாக வரும். இது தெரியாமல், மலைக்கு வந்த முதல் வருஷம் ஒவ்வொன்றுக்கும் மண் தள்ளி, கட்டைவிரலால் அழுத்தி, இடுப்பு ஒடிய நட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“ஏனுங்க்கா, நாத்து நடறீங்களா, பொணம் பொதைக்கறீங்களா? மண்ணத் தள்ளாதீங்க. தண்ணிய ஊத்துங்க, மண்ணு தானா வந்து மூடிக்கும்.”

“போ புள்ள, உனக்கு முன்னாடியே காடு பாத்தவ நானு,” என்றேன். அவள் தலை மறைந்ததும் சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். அதையும் பார்த்திருக்கிறாள். வருஷா வருஷம் நாற்று நடும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வருஷம் ஆடியில் மழை நிற்கவே இல்லை. ஒரு மத்தியானம் கொஞ்சம் வெறித்தபோது வேலிக்கு மேலே நாற்றுக் கட்டை நீட்டினாள். அவள் வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருந்து செந்தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

“உங்க ஊட்டுக்காரரு வர்ற வரைக்கும் எங்கூட்டுல வந்து உக்காரு புள்ள.”

“மிச்ச நாத்தப் புடுங்கிட்டு வந்தர்றேனுங்க்கா. தண்ணியில நின்னா அழுகீரும். நீங்க டீ வெய்யுங்க.”

டீ கொதித்துக்கொண்டிருந்தது. லாரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே ஓடி வந்தால் வேலி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வீடும் இல்லை. மேட்டு மண் தண்ணீரோடு தானாக வந்து மூடியிருந்தது.

மறுநாள்தான் அவளை எடுத்தார்கள். அவள் வீட்டுக்காரர், மண்வெட்டி பிடித்தவர்களிடம் “மெதுவாங்க, மெதுவா வெட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே நின்றார். அடக்கத்துக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, “மண்ணுக்குள்ளிருந்துதானுங்களே எடுத்தோம், மறுபடியும் மண்ணுக்குள்ளயா?” என்று கேட்டார்.

அவள் கொடுத்த கட்டு எங்கள் வீட்டு வாளித் தண்ணீரில் பச்சை மாறாமல் நின்றது. மழை விட்டதும் நட்டேன். சொம்பைச் சாய்க்கக் கை வரவில்லை. கையாலேயே மண் தள்ளி மூடினேன். தண்டு குட்டையாகத்தான் வந்தது. சமைத்தேன், யாருக்கும் இறங்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் ஒரு தடுப்புச் சுவர். அதற்கு மேலே சீகை மரம் முளைத்துக் கிடக்கிறது. அவள் வீட்டுக்காரர் கடையை விற்றுவிட்டு மேட்டுப்பாளையம் போய்விட்டார். இன்றைக்கும் நான் குழி போட்டு, நாற்றை விட்டு, மண்ணைத் தள்ளி அழுத்தினேன்.

“ஏனுங்கத்த, இதுக்குக் குழிய மூடக் கூடாதுன்னு யூட்யூப்புல சொல்றாங்களே,” என்றாள் மருமகள். மரியாதையாகத்தான் சொன்னாள். பிணம் புதைக்கிறீர்களா என்று கேட்டுச் சிரிக்க, இந்த மலையில் இப்போது யாரும் இல்லை.