மிஸ்ஸிக்கு அம்மை போட்ட வாரம்

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது எங்கள் மிஸ்ஸிக்கு அம்மை போட்டது. அப்படித்தான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி கப்பலேறி வந்த வெள்ளைக்காரத் தாதி. இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலயில் ஏழைகளுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார். அப்பா அங்கே மருந்து கலக்குவார், அம்மாவுக்குச் சமையல். பின்கட்டில்தான் எங்கள் குடியிருப்பு. அம்மை ஊசி குத்துவதில் மிஸ்ஸிக்கு இருந்த வெறி கொஞ்சநஞ்சமல்ல. எந்த வாசலில் வேப்பிலை தொங்கினாலும் உள்ளே புகுந்து, "இலை போதாது! ஊசி!" என்று தமது ஓட்டைத் தமிழில் சண்டை பிடிப்பார். ஆத்தா என்றைக்காவது கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்கு உள்ளூரப் பயம். மிஸ்ஸி என்றால் எனக்கு அவ்வளவு பிரியம்.

அந்த வருஷம் திடீரென்று கலவரம் மூண்டது. சிங்களக் கூட்டத்தார் முஸ்லிம்களின் கடைகளை உடைத்து எரித்தார்கள். பங்களாவுக்கு வந்துவிடும்படி தோட்டத்துத் துரை ஆளனுப்பியும் மிஸ்ஸி அசையவில்லை. கடைத்தெரு முஸ்லிம் வியாபாரி நானாவின் மனைவி, பிறந்து மூன்றே நாளான பிள்ளையோடு ராத்திரியோடு ராத்திரியாக வந்து மிஸ்ஸியின் அறையில் ஒளிந்திருந்தாள். கண்டுபிடித்தால் தாயும் பிள்ளையும் என்ன ஆவார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கோ அவர்கள் உள்ளே இருப்பதே தெரியாது.

மறுநாள் காலையில் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால், மிஸ்ஸி முகமெல்லாம் மஞ்சள் பூசி, வேப்பிலைமேல் படுத்திருக்கிறார்.

"மிஸ்ஸிக்கு ஆத்தா வந்திருக்கா. யாரு கேட்டாலும் சொல்லு. நீ வாசல்லயே உக்காந்திரு" என்றாள் அம்மா.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆத்தா, மிஸ்ஸியைப் பிழைக்க வை, என் முடியை உனக்குத் தருகிறேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன். என் பின்னல் அப்போது இடுப்பைத் தொடும்.

மத்தியானம் கம்பும் கத்தியுமாகப் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். உள்ளே யார் என்று சிங்களத்தில் அதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி பெரிதாக முனகினார். பிள்ளை சிணுங்கியதை மறைக்கத்தான் முனகியிருக்கிறார். நானோ அவர் சாகப் போகிறார் என்று ஓவென்று அழுதேன். "தெய்யன்கே லெடே" என்று விக்கி விக்கிச் சொன்னேன். அவர்கள் மொழியிலும் அது தெய்வத்தின் நோய்தான். முன்னால் நின்றவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு எல்லோரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

சில நாட்களில் பட்டாளம் வந்து ஊர் அடங்கியது. மிஸ்ஸி ஒரு தழும்புகூட இல்லாமல் எழுந்து நடமாடினார். நான் பூரித்துப்போய் என் வேண்டுதலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் திரும்பிச் சீறினாள்.

"இவளுக்கு மட்டும் தெரிய வேணாம், தெரிஞ்சா நெசமா அழ மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க!"

ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியுமா? மாத்தளை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் எனக்கு மொட்டை போட்டார்கள்.

திரும்பி வந்து மிஸ்ஸி முன்னால் போய்ப் பெருமையாக நின்றேன். அம்மா விஷயத்தைச் சொன்னதும் மிஸ்ஸி மண்டியிட்டு, என் மொட்டைத் தலையைக் கட்டிக்கொண்டு தேம்பினார். "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மொட்டை எனக்கு அவ்வளவு அசிங்கமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "அழாதீங்க மிஸ்ஸி, சீக்கிரம் வளந்துரும்" என்று அவரைத் தேற்றினேன்.