நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு சுடலைக்கண்ணுகள்

செல்லக்கனி உடன்குடிக்காரி. முப்பத்துநான்கு வயது. எழுத்துப் பிழையைக் கண்டால் அவளுக்குப் பல் கூசும். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா போர்டில் எழுதியதைத் திருத்தி வெளியே நின்றிருக்கிறாள். அத்தை மகனின் கல்யாணப் பத்திரிகையில் பதினொரு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியதில், அந்தக் கல்யாணத்துக்கு அவளை மட்டும் கூப்பிடவில்லை.

எம்.சி.ஏ. முடித்து ஆறு வருடம் சென்னையில் ஜாவாவில் புரோகிராம் எழுதினாள். வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி சொன்னது. வீட்டுக்கு வந்தாள். அதன்பிறகு கம்பெனி அவளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. அப்படித்தான் முத்தையாபுரம் தாண்டித் துறைமுகச் சாலையில் இருக்கும் கடற்சங்கு கண்டெய்னர் யார்டில் சேர்ந்தாள். துறைமுகத்திலிருந்து வெளியே வரும் பெட்டிகள் அங்கே அடுக்கி வைக்கப்படும்; டிரெய்லர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எந்த டிரைவர், எந்த வண்டி, எந்தப் பெட்டி என்ற மூன்றும் ஒரு டேட்டாபேஸில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பிரிவு என்பது செல்லக்கனியும் ஒரு மேசை விசிறியும்தான்.

அவள் சேர்ந்தபோது, டேட்டாபேஸிடம் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் யாரோ மேற்கோள் குறிகளுக்குள் வெறும் வாக்கியங்களாக எழுதி வைத்திருந்தார்கள். அதில் ஓர் எழுத்து தப்பினாலும் ஜாவாவுக்குத் தெரியாது. கேட்டில் நாற்பது வண்டி நிற்கும்போதுதான் தெரியும். எட்டு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் ஒரு கியூரி லைப்ரரிக்கு, அதாவது அந்தக் கேள்விகளை எழுதித் தரும் ஆயத்த நிரல் தொகுப்புக்கு, மாற்றினாள். அந்த லைப்ரரி, டேட்டாபேஸில் உள்ள ஒவ்வொரு டேபிளையும், அதாவது அட்டவணையையும், ஜாவா அறிந்த பொருளாக ஆக்கிக் கொடுத்துவிடும். டேபிளின் பெயரிலோ அதில் மேலிருந்து கீழாக ஓடும் பத்தியின் பெயரிலோ ஒரு கால் விட்டுப்போனால்கூட புரோகிராம் கம்பைல் ஆகாது. முதல்முறை அது சிவப்புக்கோடு போட்டு அவளுடைய பிழையைக் காட்டியபோது, தன்னைப் போலவே ஒருத்தி இந்த உலகத்தில் இருக்கிறாள் என்று செல்லக்கனிக்குத் தோன்றியது. வீட்டிலும் சதா அதே பேச்சு. அவளுடைய அம்மா சொந்தக்காரர்களிடம், "அவளுக்கு லைப்ரரியில வேலை. புஸ்தகமெல்லாம் அடுக்குவா போல" என்று சொல்லிவைத்திருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் சுடலைக்கண்ணு மனு கொடுத்தார்.

சுடலைக்கண்ணு ஐம்பது வயது டிரெய்லர் டிரைவர். யார்டில் சேரும்போது அவர் பெயரைப் பதிந்த யாரோ மூன்று சுழி ணகரத்துக்குப் பதில் இரண்டு சுழி னகரம் போட்டுவிட்டார்கள். கிரேன் தயாரானதும் டிரைவரை அழைப்பது மனிதர்கள் இல்லை; டேபிளில் இருக்கும் பெயரை ஒரு கம்ப்யூட்டர் குரல் மைக்கில் வாசிக்கும். ஏழு மாதமாக அந்தக் குரல் திருத்தமான உச்சரிப்பில் "சுடலைக்கன்னு" என்று அழைத்தது. ஒவ்வொரு தடவையும் யார்டுக்குள் உள்ள டீக்கடையில் இருக்கும் டிரைவர்கள் கன்றுக்குட்டி மாதிரி "ம்மா" என்று கத்தினார்கள்.

"தாயி, சிரிக்கட்டும், அது போவட்டும்" என்றார் சுடலைக்கண்ணு, செல்லக்கனியின் மேசைக்கு முன்னால் நின்று. "ஆனா நேத்து ஒருத்தன் வண்டிக்குள்ள வைக்கோலை வச்சிட்டுப் போயிட்டான். அந்த ஒத்தச் சுழியைப் போட்டுக் குடுத்திரு தாயி, உனக்குப் புண்ணியமாப் போவும்."

இரண்டு சுழியை மூன்றாக்குவது. செல்லக்கனிக்கு இதைவிட இனிப்பான வேலை உலகத்தில் இல்லை. "அண்ணாச்சி, நாளைக்கு நீங்க வாரதுக்குள்ள மாத்தியிருப்பேன்" என்றாள்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு, பெயர் திருத்துவதற்காகத் தானே எழுதி வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள். அதில் லைசென்ஸ் எண், கைபேசி எண், வண்டி எண் என்று மூன்று கட்டங்கள். எதில் எண் இருக்கிறதோ அதை நிபந்தனையாகச் சேர்த்துக்கொண்டு, அந்த டிரைவரின் பெயரை மட்டும் புரோகிராம் மாற்றும். அதற்குக் கீழே புதுப் பெயருக்கு ஒரு கட்டம், குறிப்புக்கு ஒரு கட்டம். செல்லக்கனி புதுப் பெயரை அடித்தாள். ணகரத்தின் சுழிகளைத் திரையில் விரல் வைத்து எண்ணினாள். மூன்று. லைசென்ஸ் எண்ணை மட்டும், கண் பெயரிலேயே இருந்ததால், குறிப்புக் கட்டத்தில் ஒட்டிவிட்டாள்.

ஆக நிபந்தனைக் கட்டங்கள் மூன்றும் காலி. சேர்ப்பதற்கு நிபந்தனை எதுவும் இல்லாததால் புரோகிராம் எதையும் சேர்க்கவில்லை. டிரைவர் டேபிளில் பெயர் என்ற பத்தியில் சுடலைக்கண்ணு என்று போடு என்ற கட்டளை மட்டும் டேட்டாபேஸுக்குப் போனது. யாருக்கு என்று அதில் இல்லை. டேபிள் பெயர் சரி, பத்தியின் பெயர் சரி, எழுத்து சரி. டேட்டாபேஸ் சொன்னதைச் செய்தது. பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது: "வெற்றி. 4312 வரிசைகள் மாற்றப்பட்டன." அவள் முதல் சொல்லை மட்டும் வாசித்துவிட்டு, விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கேட்டில் அப்போது ஞானையா இருந்தார். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே காவலுக்கு வந்தவர். டிரைவர் அட்டையைக் காட்டியதும் திரையில் பெயர் வரும். ஞானையா அதைச் சத்தமாக வாசிப்பார். டிரைவர் "ஆமா" என்பார். லைசென்ஸ் காலாவதி ஆகவில்லையே என்று பார்த்துவிட்டுத் தடுப்புக் கம்பை உயர்த்துவார்.

முதலில் வந்தது மணப்பாட்டு ஜெனோ.

"சுடலைக்கண்ணு?" என்றார் ஞானையா.

"அண்ணாச்சி, நான் ஜெனோ. நேத்துகூட நாம ரெண்டு பேரும் பருப்புவடை தின்னமே."

"வடை தின்னதை இல்லன்னு சொல்லலை. ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதான் இங்கன பேரு. நீ சுடலைக்கண்ணா, இல்லையா?"

ஜெனோ பின்னால் திரும்பிப் பார்த்தான். பதினொரு டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"ஆமா" என்றான்.

கம்பு உயர்ந்தது.

இரண்டாவது டிரைவர் கொஞ்சம் வாதாடினார். மூன்றாமவர் வாதாடவில்லை. தமிழே தெரியாத ஹரியானா டிரைவர் ஒருவர், முன்னால் போனவர்களைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, தன் முறை வந்ததும் ஞானையா கேட்பதற்கு முன்னாலேயே "சுடலைக்கண்ணு, ஆமா" என்று சொல்லி உள்ளே போனார். பதினொரு மணிக்கெல்லாம் ஞானையா திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். துறைமுகச் சாலை வரைக்கும் வழக்கமாக நீளும் வரிசை கேட்டருகே சுருங்கியது. மேலாளர் செந்தில்முருகன் தன் கண்ணாடி அறையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, ஞானையாவுக்கு ஒரு டீ கொடுத்தனுப்பினார்.

பதினொன்றே முக்காலுக்கு கிரேன் தயாரானது. மைக் அழைத்தது: "சுடலைக்கண்ணு, மூன்றாம் வரிசைக்கு வரவும்."

டீக்கடையில் இருந்த நாற்பது பேரும் எழுந்தார்கள். காலையில்தான் அவர்கள் அத்தனை பேரும் தாங்கள் சுடலைக்கண்ணு என்று ஒப்புக்கொண்டு உள்ளே வந்திருந்தார்கள். நாற்பது என்ஜின்கள் ஒன்றாகக் கிளம்பின. நாற்பது டிரெய்லர்களும் மூன்றாம் வரிசைக்குள் தலையை நுழைக்கப் பார்த்தன. கிரேன் ஓட்டுபவர் மேலே இருந்துகொண்டு, "ஏலே, ஒருத்தன் வாங்கலே! ஒருத்தன்!" என்று கத்தினார். கீழே இருந்து, "நான்தான் அந்த ஒருத்தன்" என்று நாற்பது குரல்கள் வந்தன.

நிஜமான சுடலைக்கண்ணு துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தது அப்போதுதான். சட்டைப் பித்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு, தலை வாரி, திருத்தப்பட்ட பெயரைக் கேட்கத் தயாராக வந்திருந்தார்.

"பேரு?" என்றார் ஞானையா.

"சுடலைக்கண்ணு."

"லைசென்ஸைக் காட்டு." ஞானையா வாங்கிப் பார்த்தார். புருவம் ஏறியது. "இதுலயும் சுடலைக்கண்ணுன்னு போட்டிருக்கே."

"எம் பேரு அதான அண்ணாச்சி?"

"காலையில இருந்து நாப்பத்தேழு சுடலைக்கண்ணு உள்ள போயிருக்கானுவ. ஒருத்தன் லைசென்ஸ்லயும் சுடலைக்கண்ணுன்னு இல்ல. உனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

சுடலைக்கண்ணு லைசென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே தன் மீது சந்தேகம் வந்தது. வண்டியை ஓரமாக விடச்சொல்லி, அவரைக் கேட் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார் ஞானையா. அந்த நேரம் மைக் மறுபடியும் அழைத்தது. மூன்று சுழி ணகரம், நாக்கு மேலண்ணத்தில் மடங்கிப் பட்டு, கணீரென்று விழுந்தது. சுடலைக்கண்ணு பிடித்து வைக்கப்பட்டிருப்பதையும் மறந்து எழுந்து நின்றார். "கேட்டீயளா அண்ணாச்சி? ஒருத்தனும் ம்மான்னு கத்தலை, பாத்தீயளா!"

செல்லக்கனியும் மைக்கைக் கேட்டாள். முதல் அழைப்புக்குச் சந்தோஷப்பட்டாள். இரண்டாவது அழைப்புக்கும் சந்தோஷப்பட்டாள். ஐந்தாவது அழைப்பில், ஒரு மனிதர் அரை மணி நேரத்தில் எத்தனை பெட்டிதான் ஏற்றுவார் என்று தோன்றியது. டிரைவர் டேபிளைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கீழே உருட்டிக்கொண்டே போனாள். எல்லா வரியிலும் அவர்தான். ஒரு பிழைகூட இல்லை.

செந்தில்முருகனின் அறைக்கு ஓடினாள்.

"சார், டிரைவர் பேரு எல்லாம் மாறிப்போச்சு. நான்தான் மாத்திட்டேன். எல்லாரும் சுடலைக்கண்ணு ஆயிட்டாவ."

"எல்லாருமா?"

"எல்லாரும் சார். நீங்களும்தான். ஆரம்பத்துல டெஸ்ட் பண்ண உங்களையும் ஒரு டிரைவராப் போட்டிருந்தோம்."

செந்தில்முருகன் கொஞ்ச நேரம் சுடலைக்கண்ணுவாக உட்கார்ந்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "செல்லக்கனி, கேட்டுல ஒரு வண்டிக்கு ஆறு நிமிஷம் ஆகும். இன்னைக்கு ரெண்டு நிமிஷத்துல போவுது. சாயங்காலம் வரைக்கும் இப்படியே விட்டுப் பாப்பமா?"

"சார், மூணாம் வரிசையில நாப்பது வண்டி மாட்டி நிக்கி."

"ஆனா கேட்டு காலியா இருக்குல்லா?"

அவள் போய் மைக்கை நிறுத்தினாள். ஒரு சார்ட் அட்டையில் பெட்டி எண்களை எழுதிக்கொண்டு யார்டுக்குள் போய், வண்டி வண்டியாகப் பார்த்து அனுப்பினாள். பிறகு கேட் அறைக்குப் போனாள். சுடலைக்கண்ணு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னாள்.

"தாயி" என்றார் அவர், "எம் பேரைச் சரி பண்ணத்தான சொன்னேன். ஊருக்கே வைக்கச் சொல்லலியே."

பழைய பெயர்களுக்கு பேக்கப் என்று ஒரு நகல் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் கடைசியாக எடுத்தது ஐந்து மாதத்துக்கு முன்னால். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் தினமும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது, செல்லக்கனிக்கு முன்னால் வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு. அந்த பேக்கப்பிலிருந்து மூவாயிரத்து எழுநூறு பெயர்கள் திரும்பி வந்தன; அதோடு திரும்பி வந்த சுடலைக்கன்னுவை மட்டும் அவள் உடனே திருத்தினாள். மீதி அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள். அவர்களை நேரில்தான் கேட்க வேண்டும்.

நாலு நாள் பகல் முழுக்க, ஞானையாவின் மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வந்தவர்களையெல்லாம் பெயர் கேட்டாள். இது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. தங்கப்பாண்டி என்ற டிரைவர் லைசென்ஸைக் காட்ட மறுத்தார். "இந்தப் பேர்ல சீக்கிரமா உள்ள விடுதாவ மேடம். மாத்தாதீய." சிவனாண்டி என்பவர், மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், அஜய் என்று போடுங்கள் என்றார். லைசென்ஸில் உள்ளதைத்தான் போட முடியும் என்று அவள் சொன்னதும், "அப்ப நேத்து மட்டும் எப்படிப் போட்டிய?" என்று கேட்டார். அவள் அடுத்தவரின் லைசென்ஸுக்குக் கை நீட்டினாள்.

ஜெனோவின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "தகப்பனார் பேரு மேற்படின்னு இருக்கே?"

"பாரத்துல அப்பா பேரு ரெண்டு இடத்துல கேட்டிருந்துச்சு. ரெண்டாவது இடத்துல மேற்படின்னு எழுதுனேன். அதையே அடிச்சிட்டாவ. பத்து வருசமா எங்கப்பா மேற்படிதான்."

"உங்க அப்பா பேரு என்ன?"

"மிக்கேல் ராயன்."

அடையாளத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழின் நகலைக் கொண்டுவரச் சொல்லி, மறுநாள் அந்தப் பத்தியில் மிக்கேல் ராயன் என்று ஏற்றினாள். நிபந்தனையை நான்கு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினாள். "1 வரிசை மாற்றப்பட்டது" என்று வந்ததும் ஜெனோ திரைக்கு முன்னால் குனிந்து, தன் அப்பாவின் பெயரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் அவள் லைப்ரரியின் கையேட்டைத் திறந்தாள். நிபந்தனை இல்லாமல் வரும் மாற்றங்களை ஏற்காமல் நிறுத்திவிடும் வசதி அதிலேயே இருந்தது. சேர்ந்த புதிதில் அந்தப் பக்கத்தைப் படித்து, நாம் எங்கே அப்படியெல்லாம் செய்யப்போகிறோம் என்று புரட்டிவிட்டிருந்தாள். இப்போது அதை இயக்கினாள். எதையும் விடாமல் தலைமை அலுவலகத்துக்கு ஓர் அறிக்கையும் எழுதினாள். வேலை போகும் என்று நினைத்து, மேசை விசிறியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அது அவளுடைய சொந்த விசிறி.

பதில் இரண்டு நாளில் வந்தது. கேட் நேரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்ததற்குப் பாராட்டு. பெயர்களை ஒரே சீராக்கும் இந்த முறையை மற்ற யார்டுகளிலும் கொண்டுவர முடியுமா என்று ஒரு கேள்வி. அறிக்கையை யாரோ முதல் பாராவோடு படிப்பதை நிறுத்தியிருந்தார்கள். செல்லக்கனி மறுபடியும் எழுதினாள், இந்தத் தடவை ஒரே வரியில்: "அது தப்பு, நான் செய்தது." அதற்கு வந்த பதிலில் பாராட்டு இல்லை, ஓர் உத்தரவு இருந்தது. இனி டேட்டாவில் எந்த மாற்றம் செய்தாலும் இரண்டாவது ஆள் ஒருவர் அந்த நிரலைப் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

யார்டில் இரண்டாவது ஆள் என்று கம்ப்யூட்டருக்கு யாரும் கிடையாது. செந்தில்முருகன் யோசித்துப் பார்த்து ஞானையாவை நியமித்தார். கேட்டில் எல்லாவற்றையும் வாசிப்பவர் அவர்தானே என்றார்.

ஞானையா இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜாவா வரிகளை ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாக வாசிப்பார். புள்ளியையும் வாசிப்பார். பிறகு கேள்வி கேட்பார். "இது யாரை மாத்துது?" "ஒரு டிரைவரை, அண்ணாச்சி." "எந்த டிரைவரை?" "இந்த லைசென்ஸ் நம்பர் உள்ளவரை." "அந்த நம்பர் எங்கன இருக்கு? தொட்டுக் காட்டு." அவள் தொட்டுக் காட்டிய பிறகே பேனாவைத் திறப்பார். முதல் மாதம் அவளுக்கு அவமானமாக இருந்தது. இரண்டாவது மாதம், அவர் வருவதற்கு முன்னால் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஜனவரியில், ஓடாமல் போன பழைய வண்டிகளை டேபிளிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. எழுதி முடித்து அவரைக் கூப்பிட்டாள். அவர் வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"இங்கன வருசத்துக்குப் பக்கத்துல ஜி, டின்னு நிக்குதே. அது என்ன?"

"கிரேட்டர் தேன் அண்ணாச்சி. அதைவிடப் பெரிசுன்னு அர்த்தம்."

"ரெண்டாயிரத்துப் பத்தைவிடப் பெரிசுன்னா?"

"அதுக்குப் பொறவு வந்த..." செல்லக்கனி நிறுத்திக்கொண்டாள்.

"புது வண்டில்லா அது?" என்றார் ஞானையா. "பழசைத்தான அழிக்கப் போறேன்னு சொன்ன?"

லைப்ரரி சிவப்புக்கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஞானையா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"சரி பண்ணிட்டுக் கூப்பிடு தாயி. அங்கன வண்டி நிக்கி."